மஞ்சள் கோடு போட்ட நட்டு

அந்த மெக்கானிக்குக்குக் காது என்றுதான் பெயர். வண்டியில் ஏறி இரண்டு தெரு சுற்றி வந்தால் போதும், எந்த மூலையில் எந்த போல்ட்டு முனகுகிறது என்று சொல்லிவிடுவார். இருபது வருடத் தொழிலில் 'தப்பு என்னோடது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. தப்பே செய்யாதவர் என்று அர்த்தமில்லை. ரோடு, டயர், முன்னால் கைவைத்த மெக்கானிக் என்று ஒவ்வொரு தப்புக்கும் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார். பட்டறையின் முன்பக்கத்தில் உதிரிபாகக் கடையைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, இதை ஒரு வியாதி என்றே வைத்திருந்தாள்.

காதுடைய தங்கையின் கணவருக்குக் கண்ணாடிக் கடை. கண்ணாடி ஏற்றி இறக்குகிற பிக்கப்பை யாராவது உயரம் கூட்டுவார்களா? அவர் கூட்டச் சொன்னார், காது கூட்டிக் கொடுத்தார். ஐந்து அங்குலம் எழும்பி, பெரிய டயர்களோடு வண்டி ஜம்மென்று நின்றது. அதன்பிறகு ஒரு கண்ணாடியை மேலே ஏற்ற இரண்டு ஆளும் ஒரு முக்காலியும் தேவைப்பட்டன. தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்குத் தெரியவேண்டும் என்று சைலன்சரையும் மாற்றிக்கொண்டார். மறுவாரமே வந்து நின்றார்.

"மச்சான், வண்டில ஏதோ சத்தம் வருது."

"ஏதோவா? அந்தச் சைலன்சரைத் தாண்டி உங்களுக்கு வேற சத்தம் கேக்குதுன்னா, காதுன்னு உங்களைத்தான் கூப்பிடணும் மாப்ள."

உண்மையில் மூன்று சத்தங்கள் இருந்தன. கூரைமேல் மாட்டிய விளக்குப் பட்டை காற்றில் விசிலடித்தது; ரப்பர் ஒட்டியதும் அடங்கியது. திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசியது; ஓரத்தை வெட்டியதும் தீர்ந்தது. மூன்றாவது, இடப்பக்கம் திரும்பும்போது முன்னால் எங்கேயோ ஒரு 'டக்'. நான்கு நாள் வண்டிக்கு அடியில் கிடந்தும் அது அகப்படவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் வண்டியை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை மாப்பிள்ளை தங்கையோடும் ஆறு வயது மகளோடும் பட்டறைக்கு வந்து இறங்கினார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போகிறார்கள்.

"கில்லாடி மச்சான் நீங்க! நேத்து சாயங்காலத்துலேருந்து சத்தமே இல்ல. எந்த இடம்?"

காது ஒன்றுமே செய்திருக்கவில்லை. ஆனால் வந்த பாராட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அதெல்லாம் தொழில் ரகசியம் மாப்ள" என்றார்.

வண்டி ஊரை எழுப்பிக்கொண்டு கிளம்பிப் போனது. தானாகப் போன சத்தம் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அரைமணி கழித்து வாசலைக் கூட்டிய மனைவி, "இது உங்களுதா?" என்று கையை நீட்டினாள். வண்டி நின்ற இடத்தில் கிடந்ததாம். ஒரு பெரிய நட்டு. அதன்மேல் மஞ்சள் கோடு.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைத்திருக்கும் குறுக்குத் தண்டின் நட்டு அது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அதை முழுதாக முறுக்கக் கூடாது; சக்கரம் தரையில் ஊன்றிப் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம் மஞ்சள் கோடு. தரையில் இறங்கிய வண்டிக்கு அடியில் பெயிண்டும் பிரஷ்ஷுமாக யார் புரள்வது என்று, காது கோட்டை முதலில் போட்டுவிட்டு அப்புறம் முறுக்குவார். உயரம் கூட்டிய அன்றைக்கு ஜாக்கி இறங்கியதும் மாப்பிள்ளை வண்டியோடு நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். முறுக்கவில்லை. நான்கு நாளும் அடியில் படுத்தவர் மஞ்சள் கோட்டைப் பார்த்துப் பார்த்து அந்த நட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். இப்போது போல்ட்டு சாய்ந்து சிக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் சத்தம் இல்லை. அது நழுவினால் ஸ்டியரிங் சொன்னபேச்சுக் கேட்காது. மலை ஏறி முடித்ததும் இறக்கம், பதினோரு வளைவு.

மாப்பிள்ளை முதல் அழைப்பிலேயே எடுத்தார்.

"மாப்ள, வண்டியை ஓரங்கட்டுங்க. ஒரு... ஸ்பேனரை உள்ளயே வச்சுட்டேன்."

"என்னது? கேக்கல! ஸ்பேனரா? சாயங்காலம் தர்றேன் மச்சான்!"

துண்டித்துவிட்டார். அடுத்த நான்கு அழைப்புகளையும் காது மாட்டிக் கொடுத்த சைலன்சரே விழுங்கியது.

"ஸ்பேனராம்!" என்றாள் மனைவி. "அங்க மூணு உயிர் இருக்கு. உங்க வாயில இன்னும் உண்மை வரல. தங்கச்சிக்குப் போடுங்க."

தங்கை மூன்றாவது முறை எடுத்தாள். "என்னண்ணே, ஸ்பேனருக்கா இந்தப் பாடு?"

"ஸ்பேனர் இல்லம்மா. ஒரு நட்டை முறுக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. இறக்கத்துல வண்டி கைக்கு அடங்காது. நிறுத்தச் சொல்லு."

சைலன்சர் உறுமலுக்கு மேலே தங்கையின் குரல் வந்தது.

"நீயா சொல்ற? உன் தப்புன்னா?"

"நான்தான் சொல்றேன்."

அதற்குப்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. கணவனிடம் கத்தினாள். "நிறுத்துங்க! அண்ணன் அவர் தப்புன்னு சொல்றாரு! விளையாட்டில்ல, நிறுத்துங்க!" உறுமல் தாழ்ந்து, விட்டுவிட்டு வந்து, நின்றது.

மனைவி கடைவேனை ஓட்டினாள். காது பக்கத்தில் நட்டை உள்ளங்கை சிவக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையுச்சியில் பிக்கப் ஓரமாக நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் முப்பது அடியில் ரோடு கீழே சரிந்தது. அடியில் படுத்துப் பார்த்தார். போல்ட்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு மட்டும் உள்ளே தொற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் குனிந்து பார்த்தார். பார்த்தவர் பக்கத்துக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

புது போல்ட்டு, புது நட்டு. சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, நீள ஸ்பேனரில் உடம்பையே தொங்கவிட்டு முறுக்கினார். இந்தத் தடவை கோடு போடவில்லை.

"இனி போகலாம்" என்றார்.

தங்கை மகளைத் தூக்கி வேனில் அண்ணியின் பக்கத்தில் உட்கார வைத்தாள். கணவனையும் அதிலேயே ஏறச் சொன்னாள்.

"நீ ஓட்டிட்டு முன்னாடி போண்ணே. நாங்க பின்னால வர்றோம்."

கோபம் இருந்தமாதிரி தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. காது பிக்கப்பில் ஏறினார். முதல் வளைவு இடப்பக்கம். டக் இல்லை. ஐந்து நாளாக அவர் தவம் கிடந்த நிசப்தம் அது, நம்ப முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, அடியில் புகுந்து நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

பின்னால் வேன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. இன்னும் பத்து வளைவு. ஒவ்வொன்றிலும் இறங்கினார்.