நெலிடாவின் நிபந்தனை

எங்கள் மொன்டெவிடியோ அலுவலகத்தில் நெலிடா பெந்தன்கோருக்கு ஒரே வேலைதான். நாங்கள் செய்யும் மென்பொருளுக்குள் வெளியார் எழுதிய லைப்ரரிகள் என்னும் ஆயத்த நிரல் தொகுப்புகள் எவை, அவற்றின் லைசென்ஸ் நிபந்தனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லை என்று அவள் சொன்னால் நாங்கள் எட்டுப் பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அதில் முதல் ஆள் நான்.

அந்த வியாழக்கிழமை காதுக்கருவி மென்பொருளில் மாட்டிக்கொண்டாள். கருவி செய்பவர்கள் தந்த லைப்ரரியை வெளியே காட்டவே கூடாது. இரைச்சலை வடிகட்டும் லைப்ரரியோ, தன்னைச் சேர்த்தால் மொத்த நிரலையும் ஊருக்கே திறந்து வைக்கச் சொன்னது. இரண்டையும் ஒன்றாகப் போட வழியில்லை. திங்களன்று ஒப்படைக்காவிட்டால் எங்கள் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள்.

மேலாளர் அனிபால் குடுவையிலிருந்து மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"அந்த வடிகட்டியை எழுதினது யாரும்மா?"

"ரெண்டு பேர். ரிவேராவுல இருக்கிற வில்மார். இன்னொருத்தி நான்."

"அட, அப்ப சாவி உன் கையிலயேதான் இருக்கு! நிரலைத் திறந்து வைக்கிறதுல நம்ம கம்பெனிக்கு மட்டும் விலக்குன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது."

வில்மார் மறுத்துவிடுவான் என்று நெலிடா நம்பினாள். நம்பினாள் என்ன, வேண்டிக்கொண்டாள். ஸ்பீக்கரில் கூப்பிட்டாள்.

"விலக்கா? தாராளமா குடு," என்று சிரித்தான் வில்மார். "எனக்கு எந்த லைசென்ஸா இருந்தாலும் சரின்னு காலேஜ்லயே சொன்னேனே! நீதானடி ஒத்தக்கால்ல நின்னே, உங்கப்பா மெஷினுக்கு ஆன கதையைச் சொல்லி..."

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அவள் அப்பாவின் காதுக்கருவியைச் செய்த நிறுவனம் ஒருநாள் மூடிப்போனது. அதன் மென்பொருளைப் பிரித்துச் சரிசெய்ய வேறு யாருக்கும் உரிமையில்லை. மனிதர் கடைசி நான்கு வருடம் மகள் குரலைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் தன் வடிகட்டிக்கு, எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லும் அந்த நிபந்தனை. எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

வில்மாரின் சம்மதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. பாக்கி அவள் கையெழுத்துதான்.

"வேற வடிகட்டி எழுதிடலாமே, அனிபால்?"

"திங்கட்கிழமைக்குள்ள யாரு எழுதுறது? நீ எழுதினா திரும்ப அதே நிரலைத்தான் எழுதுவே."

எட்டுப் பேரும் திரையைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தின் கீழே, விலக்குக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எங்கள் எட்டுப் பேரின் பெயரையும் எழுதினாள். மூன்றாவது பெயர் என்னுடையது.