வலது காதின் சீழ்க்கை

பாலாநகரில் விமான ரேடியோக்களைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுவதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரித்துக் கேட்பேன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் வலது காதிலேயே சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தது. குக்கர் விசில் விடுவதற்கு முன் மெல்லச் சீறுமே, அந்தச் சத்தம். அது நிற்கவே இல்லை.

காதில் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சத்தம் மூளை உண்டாக்குவது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எனக்குப் பழகவில்லை. அதை அமுக்க வெறும் மிக்ஸியை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன். "அம்மா, ப்ளீஸ், எனக்கு எக்ஸாம்" என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. சரக்கு ரயில் கடக்கும்போது மட்டும் சீழ்க்கை கேட்காது. ஒரு மாலை தண்டவாளத்துக்கு மிக அருகில் போய் நின்றேன். கணவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"எதுக்கு இங்க வந்து நிக்கறே?"

"ரயில் வந்தா காது அடங்குது."

"வேற ஒண்ணும் இல்லையே? என்னைப் பார்த்துச் சொல்லு."

இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அங்கேயே அழுதுவிட்டார்.

அவர்தான் ஊருக்கு வெளியே ஒரு பௌத்த தியான நிலையத்தில் என்னைச் சேர்த்தார். அந்த அமைதியில் சீழ்க்கை கூடம் முழுவதும் நிறைந்தது. வருவதை வெறுமனே அறிந்திருங்கள், எதுவும் செய்ய வேண்டாம் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எதுவும் செய்யாமல் இருந்தேன். தியானத்தை நடத்திய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "உங்க காதைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா நீங்க உட்கார்ந்திருக்கறது பஸ் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு" என்று தெலுங்கில் சொன்னார். கோபத்தில் பாதியிலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

மறு வாரம் ஆன்டெனா கேபிள் அறுந்த ரிசீவர் ஒன்று சோதனைக்கு வந்தது. ஹெட்ஃபோனில் ஒரே இரைச்சல். சிக்னல் கிடைக்காத ரிசீவர் சும்மா இருக்காது. ஒலியைப் பெருக்கும் அளவைத் தானே கூட்டிக்கொண்டு தேடும். தேடத் தேடத் தன் சொந்த இரைச்சலைத்தான் பெரிதாக்கும். வருஷக்கணக்காக எனக்குத் தெரிந்த விஷயம். அன்று கை அப்படியே நின்றுவிட்டது. கண் விழித்ததும் சத்தம் இருக்கிறதா என்றுதானே தினமும் முதலில் தேடுகிறேன்? என் யோசனையெல்லாம் ஒரு வேலையும் முடிக்காமல், மின்சாரம் வெறும் சூடாகப் போவதுபோல வீணாகிக்கொண்டிருந்தது.

தெரிந்ததால் நிலைமை இன்னும் மோசமானது. தேடாமல் இருக்க முயன்றேன். அந்த முயற்சியும் தேடலாகவே இருந்தது. கோளாறு எங்கே என்று தெரிகிறது, கை எட்டவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைத் தரையில் உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. சீழ்க்கை இருந்தது. ஏசி பெட்டி மேல் புறா குனுகியது. மகள் போனில் யாரிடமோ தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றும் சேர்ந்தே கேட்டன, எதுவும் மற்றதை விடப் பெரிதாக இல்லை. நான் எதையும் செய்யவில்லை, ஆனால் எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படி இருந்தது. பிறகு, "அட, உறுத்தவே இல்லையே" என்று சந்தோஷப்பட்டேன். உடனே சீழ்க்கை ஏறிக்கொண்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அப்படி ஒரு நேரம் இப்போதும் சில நாள் வரும். பல நாள் வராது. கூப்பிட்டால் வரவே வராது.

"காது எப்படி இருக்குன்னு தினம் கேக்காதீங்க. கேட்டா தேட ஆரம்பிச்சுடறேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

"ஹவ், சரி, கேக்கலை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது என் முகத்தை மட்டும் ஒரு தரம் பார்ப்பார். நான் செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.