சொல்லாதே என்று சொன்னேன்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஐவரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். ஒருவரும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம்தான் படித்தேன். ஓர் எழுத்தை எழுதி, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவேன். அதனால் இதை வேகமாகச் சொல்ல என்னால் ஆகாது.

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எனக்கு வேலை. கீழே சேலைக் கடை. மேலே வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். சீனா, இந்தோனேசியா, ஏமன், இலங்கை என்று பல தேசத்துப் பிள்ளைகள். இங்கே ஒரு வருடம் இங்கிலீஷும் மற்றப் பாடங்களும் படித்துவிட்டு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று யூனிவர்சிட்டிக்குப் போவார்கள். நான் கூட்டுவேன், துடைப்பேன், டீச்சர்களுக்குத் தண்ணீர் கலக்குவேன், அதாவது தேநீரும் காப்பியும். என் பிள்ளைகள் வேலையை விடச் சொல்லிப் பல வருடம் ஆயிற்று. விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. முப்பத்தெட்டுப் படி ஏறினாலும் அதே முட்டிதான் வலிக்கிறது என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.

அங்கே இருக்கும் டீச்சர்களில் ஒருவர் நம்ம ஆள், தமிழ்ப் பெண். ஐம்பது வயது தாண்டியவர். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், இன்டர்வியூவுக்குத் தயார் செய்வதும் அவர் பொறுப்பு. எழுதிக் கொடுப்பது என்றால் அவர் எழுதுவது கிடையாது. பிள்ளைகள் எழுதுவார்கள், அவர் சிவப்பு மையால் அடிப்பார், அவர்கள் மறுபடி எழுதுவார்கள், அவர் மறுபடி அடிப்பார். சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலை இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு, பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், தே ஓ, கேட்பார்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் பன்னெண்டு பேரு சின்ன வயசுலேர்ந்து இதுதான் கனவுன்னு எழுதியிருக்காங்க. எனக்குத்தான் தூக்கமே வரமாட்டேங்குது, இவங்களுக்கு எங்கேருந்துதான் கனவு வருதோ."

இந்த டீச்சர்தான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தவர். இன்டர்வியூ கம்ப்யூட்டரில் நடக்கும். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் திரையில் வந்து கேள்வி கேட்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் கீழே பார்ப்பார்கள். நாம் அப்படித்தானே வளர்க்கிறோம்? ஆனால் அங்கே அப்படிப் பார்த்தால் பொய் சொல்கிறான் என்று நினைப்பார்களாம். அதனால் இன்டர்வியூவுக்கு முன்னால் பழக்கிப் பார்க்க ஒரு பெரிய மனுஷி வேண்டும் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் டீச்சர், நானா? எனக்கு இங்கிலீஷே வராது."

"உங்களப் பார்த்தாத்தான் எல்லாம் பயப்படுதுங்க லா. என்னைப் பார்த்து ஒன்னும் பயப்படறதில்ல."

ஐந்து கேள்வி. அர்த்தம் தெரிந்து, சத்தத்தை மனப்பாடம் பண்ணினேன். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.' 'வொய் திஸ் கோர்ஸ்?' அப்படி. பிள்ளை பதில் சொல்லும்போது அது எத்தனை தடவை கீழே பார்க்கிறது என்று பென்சிலால் கோடு போட வேண்டும். பதில் சரியா தப்பா என்பது என் வேலை இல்லை. அதை டீச்சர் பின்னால் உட்கார்ந்து கேட்பார். கையெழுத்துப் போடவே கை நடுங்கின நான், யூனிவர்சிட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மார்க் போட்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்ததை இல்லையென்று எழுத மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபது வயது. இங்கே சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். நர்ஸ் படிப்புக்கு ஸ்காட்லாந்தில் ஓர் இடத்துக்கும், அது இல்லாவிட்டால் இங்கிலாந்தில் இன்னோர் இடத்துக்கும் எழுதிப் போட்டிருந்தாள். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் அப்பாவின் பேச்சு. இன்னொரு வருடம் கிடையாது. அதை அவளே படிக்கட்டில் என்னிடம் சொன்னாள். முதல் தடவை என் முன்னால் உட்கார்ந்தபோது பதினாலு கோடு விழுந்தது. நான்கு வாரத்தில் மூன்று கோட்டுக்கு வந்துவிட்டாள்.

ஸ்காட்லாந்து இன்டர்வியூவுக்கு முதல் நாள், நான் தண்ணீர் கலக்கும் சின்ன அறையில், பேன்ட்ரியில், கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மம்மா, உங்களோட ஒண்டு கதைக்கலாமோ?"

"கதைக்கலாம், கோப்பையத் தொடச்சிக்கிட்டே கதை."

துணியை எடுத்துத் துடைத்தாள். அவள் அம்மா படுக்கையில் கிடந்து செத்தவள். இரண்டு வருடம் இவள்தான் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து கட்டி, எல்லாம் பார்த்தாள். டீச்சர் அதை அவள் வாயிலிருந்து பிடுங்க நாலு வாரம் ஆயிற்றாம். இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு, அம்மம்மா. அம்மான்ர வருத்தத்தைக் காட்டி இடம் வாங்கிற மாதிரி இருக்கு. அப்பிடிச் சொல்லலாமோ?"

நான் டீச்சரைக் கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னிடம் ஒருத்தி வந்து கேட்கிறாளே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"பெத்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளுனத யாராச்சும் வெள்ளக்காரன்கிட்டப் போயி சொல்லுவாங்களா? நான் எங்க மாமியாவ ஆறு வருஷம் பார்த்தேன். என் புருஷன்கிட்டகூட ஒரு வார்த்தை சொன்னதில்ல லா. செய்யறதச் செஞ்சிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும். நம்ம வழக்கம் அதுதான்."

"ஓம்," என்றாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கினது தெரிந்தது. நல்ல காரியம் செய்தேன் என்று நானும் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கீழே சேலைக் கடைக்குப் போய், அரை மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். அது என் வழக்கமான வேலை. அவள் இன்டர்வியூ அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். நல்லாச் செய்தேன் என்றாள்.

பத்து நாள் கழித்து இடம் இல்லை என்று பதில் வந்தது. டீச்சர் மேசையில் அவளை உட்கார வைத்து, காரணத்தைப் படித்துச் சொன்னார். நோயாளியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் எதுவும் இந்தப் பிள்ளைக்கு இல்லை என்று எழுதியிருந்தார்களாம். நான் அப்போது அதே அறையில் கண்ணாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டாங்களா? நோயாளியப் பார்த்துக்கிட்டது உண்டான்னு ஒன்னைக் கேட்டாங்களா, இல்லியா?"

"கேட்டவை, டீச்சர்."

"நீ என்னா சொன்ன?"

"இல்லையெண்டு சொன்னன்."

"ஏம்மா?"

"மறந்து போனன்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஈரத் துணியிலிருந்து தண்ணீர் என் முழங்கை வரைக்கும் வழிந்தது. நான் அடுத்த கண்ணாடிக்குப் போனேன்.

மூன்று நாள் அப்படியே போனது. என் பிள்ளைகள் முன்னால்கூட நான் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் சொல்ல மாட்டாள். பஸ்ஸில் ஏறி உட்காரும்போதெல்லாம் அதே நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நாலாம் நாள் சாயங்காலம் தே ஓவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். பேன்ட்ரியில் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாலு வாரம், அக்கா. நாலு வாரம் லா."

"தெரியும், டீச்சர்."

"அந்தப் பிள்ளை ஒத்த வார்த்தை சொல்லல. நான் அதத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்." கண்ணை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "செவ்வாக்கிழம இங்கிலாந்து இன்டர்வியூ. அதுதான் கடைசி. இப்ப அதச் சொல்லவே மாட்டேங்குறா. வாயத் தொறந்தா அழுவுறா. நாளைக்கு நீங்க உட்காருங்க."

"நானா? மறுபடியுமா?"

"நீங்கதான மூடுனீங்க? வேற யாரு வந்து தொறப்பா?"

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீச்சர் வழக்கம்போலப் பின்னால். நான் என் கேள்வியைக் கேட்டேன். அவள் ஊரைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், அதோடு நின்றுவிட்டாள். கண் மேசையில் இருந்தது. நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"இரு. நீ என்னையக் கேளு."

"நானோ?"

"ஆமா. அந்த வெள்ளக்காரன் ஒன்னைக் கேட்டத நீ என்னையக் கேளு."

கேட்டாள். சின்னக் குரலில் இங்கிலீஷில் கேட்டாள். நான் 'எஸ்' என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதோடு முடிந்தது. மீதியைத் தமிழில் சொன்னேன்.

என் மாமியாருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நல்லா இருந்த நாளிலேயே அவருக்கு என்னைப் பிடிக்காது. அப்போது நான் ஃபேக்டரியில் வேலை செய்தேன், கம்பெனி பஸ் ஆறே காலுக்கு வரும். அதற்கு முன்னால் அவரைத் துடைத்து, கைலி மாற்றி, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பும்போது கடிப்பார். இடது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. சட்டைக் கையை ஏற்றி அவளுக்குக் காட்டினேன். முதுகில் புண் வராமல் இருக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு ஒரு தடவை திருப்ப வைப்பேன். ஆறு வருடத்தில் ஒரு புண் வரவில்லை. அவர் போன அன்று, வெளியூரிலிருந்து வந்த நாத்தனாரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும், "பெத்த மக இருந்ததால கிழவி இவ்வளவு நாள் இருந்தா," என்றார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாததை இத்தனை வருடமும் என் கௌரவம் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். கீழே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு புண்ணும் வரேல்லையோ, அம்மம்மா?"

"ஒன்னுகூட இல்ல."

"எங்கட அம்மாக்கு ரெண்டு வந்தது. ஒண்டை நான் ஆத்திப் போட்டன். மற்றது ஆறேல்லை."

"அத இங்கிலீஷ்ல சொல்லு."

சொன்னாள். எனக்கு அம்மா, இரண்டு வருடம், தினமும் காலையில் என்பது மட்டும்தான் புரிந்தது. நடுவில் அழுதாள், ஆனால் நிறுத்தவில்லை. முடிந்ததும் டீச்சர் பின்னாலிருந்து எத்தனை கோடு என்று கேட்டார். தெரியாது என்றேன். நானும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ நடந்தது. வெளியே வந்தபோது அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டேன் என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்தது. சித்தப்பா கேக் பெட்டியோடு படியேறி வந்தார். டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியை மேசையில் வைத்தார், ஏனென்றால் அடுத்த கூட்டத்துப் பிள்ளைகளின் தாள்கள் அங்கே குவிந்திருந்தன. எறும்பு வருவதற்குள் அதை நான்தான் எடுத்து மூடி வைத்தேன். அந்தப் பெண் போகிற அன்று என் காலில் விழ வந்தாள். விடவில்லை. ஒரு தடவை அவள் வாழ்க்கையோடு விளையாடினவள் நான். எனக்கு அது எதற்கு?

அவள் அங்கே ஒரு வருடம் முடித்துவிட்டாள். போன் போட்டால் என்னையும் கேட்பாளாம். டீச்சரின் கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. நானும் இன்னும் உட்கார்ந்து கோடு போடுகிறேன். பேன்ட்ரிக்கு வந்து எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும், டீச்சரிடம் போ என்கிறேன்.

இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கை வலிக்கிறது. மகளின் மகளுக்குப் பதினோரு வயது, தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். இப்போதுதான் அவளைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தேன்.

"பேன்ட்ரி வர்ற எடத்துலேர்ந்து படி, மா. அந்த அக்கா மேல தப்பு இருக்குற மாதிரி எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கேனான்னு பார்க்கணும். முணுமுணுக்காத, சத்தமா படி. உங்கம்மா குசினியில சமைச்சிக்கிட்டுதான் நிக்கிறா, அவளுக்கும் கேக்கட்டும்."