அண்ணியின் கோவாப் பாத்தியும் குளவிக்கூடும்

அண்ணி அந்த முட்டைக்கோவாவை நடுவில் பிளந்ததும் போட்ட சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. பதுளையில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றால், ஸ்பிரிங்வெளி பஸ் பிடித்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அண்ணியைப் பார்க்கப் போய்விடுவேன். அன்றைக்கும் போயிருந்தேன். நாத்தனார் வந்திருக்கிறாளே என்று, அண்ணி தன் காய்கறிப் பாத்தியிலிருந்து நல்லதாக ஒன்றைப் பார்த்துப் பறித்து வந்து கத்தியை வைத்தார். வெளியே இரண்டு மூன்று ஓட்டைகள்தான். உள்ளே! இலைக்கு இலை பச்சைப் புழு, நடுத்தண்டு வரைக்கும் அதன் கழிவு, நாற்றம். அண்ணி கத்தியைக் கீழே போட்டுவிட்டார். இன்னொன்றைப் பறித்து வந்து வெட்டினார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை வெட்ட அவருக்குக் கை வரவில்லை. "போச்சு பாப்பா, எல்லாம் போச்சு" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணிக்கு அந்தப் பாத்தி போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் அண்ணன் செத்ததைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்குப் பிடிக்காது, ஆனால் வேறு வழியில்லை. எங்கள் தோட்டத்தில் காட்டை ஒட்டிக்கிடக்கும் கடைசித் தேயிலை மலையைக் காட்டுத்தொங்கல் என்பார்கள். அங்கே தேயிலைச் செடிகளைக் கழித்துவிட, கவ்வாத்து வெட்டப் போனவர் அண்ணன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போன மனுஷன். பத்து மணி போல ஒரு கூச்சல் கேட்டதாம். குளவி கலைந்து வந்து எல்லாரையும் கொட்டியிருக்கிறது. மற்றவர்கள் கீழே ஓடிவிட்டார்கள். அண்ணன் கால் இடறி, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்துவிட்டார். லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது. கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த எனக்குத் தகவல் வந்தபோது நான் நம்பவேயில்லை. ஒரு குளவி எப்படி ஆளைக் கொல்லும் என்று தகவல் சொன்னவரோடு சண்டைக்கே போனேன். பெட்டிக்குள் அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அது என் அண்ணன் முகம் மாதிரியே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணி கொழுந்து பறிக்கப் போகவில்லை. கங்காணி வந்து கூப்பிட்டார், சங்கத் தலைவர் வந்து கூப்பிட்டார். "அவரு விழுந்த எடத்துல கூடையோட நிக்க என்னால ஆவாதுங்க" என்று ஒரே பேச்சு. லயத்துக்குக் கீழே ஓடையோரமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் உயிரோடு இருக்கும்போதே இருவரும் கோவாவும் போஞ்சியும் போட்டு வந்தார்கள். இனி அதுதான் பிழைப்பு என்று அண்ணி முடிவு செய்தார். அது விளையும் வரைக்கும் மலை ஏற வேண்டியதில்லை. விளையாவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குக் கருமாதி முடிந்த கையோடு, அவர் செய்யாமல் விட்டுப்போன வேலை ஏதாவது இருந்தால் லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து முடித்துக் கொடுப்பார்கள். கூரையில் தகரம் மாற்றுவது, வேலி கட்டுவது, இப்படி ஏதாவது. அண்ணியிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். "அந்த ஓடைக்கரைக் காட்ட வெட்டிக் குடுங்க. ஒரு செடி, ஒரு பூண்டு இருக்கக்கூடாது" என்றார். அண்ணியின் பாத்தியை ஒட்டி மரமும் கொடியும் மானாப்புல்லும் மண்டிக் கிடந்த கரை அது. அதிலும் குளவிக்கூடுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கத்தியும் மம்பட்டியுமாக இறங்கினார்கள். கூடுகளுக்குத் தீ வைத்ததே அண்ணிதான். தீப்பந்தத்தோடு ஒரு கூட்டையும் விடாமல் தேடித் தேடி வைத்தார். எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? சாயங்காலம் பார்த்தால் கரை மொட்டை அடித்தது போலக் கிடந்தது. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அந்த வருஷம் விளைச்சல் எப்படியோ தேறிவிட்டது. அடுத்த போகத்தில்தான் தொடங்கியது கூத்து. வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சி பறந்தது, இலைக்கு அடியில் முட்டை, பிறகு புழு. முன்பெல்லாம் புழு வந்தால் அண்ணி கையால் பொறுக்கிப் போடுவார், அதோடு சரி. இப்போது மருந்து அடித்தார். அடங்கவில்லை. கடையில் இன்னும் பலமான மருந்து கொடுத்தார்கள், அதையும் அடித்தார். தலைவலி, வாந்தி, கண் எரிச்சல் எல்லாம் அண்ணிக்குத்தான் வந்தது. புழு சொகுசாகத்தான் இருந்தது. மருந்துக்குத் தப்பியது அத்தனையும் கோவாவுக்குள் நுழைந்துகொண்டதை அன்றைக்கு வெட்டும்போதுதான் பார்த்தோம்.

மற்றதை எல்லாம் பிடுங்கி எரித்துவிடலாம் என்று அண்ணியும் நானும் மத்தியானம் கீழே இறங்கினோம். பாத்தி பாத்தியாகப் பிடுங்கிக்கொண்டே போனோம். அக்கரையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் காடு. அதை நம் ஆட்கள் தொடவில்லை, தொட உரிமையும் இல்லை. ஓடை குறுகி அந்தக் காடு கிட்ட வரும் மூலையில் போய் நின்றதும் அண்ணி, "பாப்பா, இங்க வா" என்றார். அந்த மூலையில் இருந்த கோவா எல்லாம் முழுசாக இருந்தது. ஒன்றைப் பிளந்து பார்த்தோம். வெள்ளை வெளேரென்று சுத்தம். அதே நாற்று, அதே மருந்து, ஒரே நாளில் நட்டது. இது மட்டும் எப்படி?

அப்போதுதான் அது வந்தது. மஞ்சள் பட்டை போட்ட ஒரு குளவி. நான் அலறிப் பின்வாங்கினேன். அண்ணியால் நகர முடியவில்லை, அப்படியே உறைந்து நின்றார். குளவி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓர் இலையில் இறங்கியது, நரம்போரமாக நடந்தது, அடியில் பதுங்கியிருந்த புழுவை இழுத்துப் போட்டுக் கடித்து மென்று உருட்டியது. அந்த உருண்டையைத் தூக்கிக்கொண்டு அக்கரைக் காட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

அண்ணி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே! எம் புருசனக் கொன்னதும் இதுதான், எம் பயிரக் காப்பாத்துறதும் இதுதானா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. எனக்கோ வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த வாரம் விவசாய உத்தியோகத்தர் வந்தபோது அண்ணி கேட்டார். குளவி மட்டும் இல்லை, கரைக் காட்டில் இருந்த குருவி, சிலந்தி, புழுவுக்குள் முட்டை வைக்கும் சின்னச் சின்னப் பூச்சிகள் எல்லாம் சேர்ந்துதான் புழுவை அடக்கி வைத்திருந்தன என்றார் அவர். ஆனால் காடு இருந்தால் பன்றியும் முள்ளம்பன்றியும் வரும், அதற்கும் தயாராக இருங்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அண்ணி கரையை வளரவிட்டார். லயத்தில் பேசாத பேச்சில்லை. புருஷனைத் தின்ற குளவிக்கு வீடு கட்டுகிறாள் என்று காது படவே சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்தக் கரை வழியாகத்தான் போவார்கள் என்பதால், அண்ணி தன் பாத்தியிலேயே இரண்டு வரிசையை அழித்து கரையிலிருந்து தள்ளி அவர்களுக்கு ஒரு பாதை வெட்டிக் கொடுத்தார். பன்றி வந்து ஒரு தரம் உழுதுவிட்டுப் போனது. ஆனாலும் கோவா தேறியது, போஞ்சி தேறியது.

போன மாதம் நான் போயிருந்த அன்றைக்கு, கரையில் பெரிய கூடு ஒன்று கட்டியிருப்பதாகத் தலைவரும் நாலைந்து பேரும் மண்ணெண்ணெயும் பந்தமுமாக வந்தார்கள். அண்ணி குறுக்கே போய் நின்றார். "கை வைக்காதீங்க. பாதைய மாத்திக் குடுத்துட்டேன்ல?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! எத்தனை காரணம் சொன்னாலும் அது என் அண்ணனைக் கொன்ற சாதி. "வழிய விடுங்க அண்ணி! எங்க அண்ணன் மொகத்த அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மறக்கலடி. மறக்காததுனாலதான் அந்த மலைக்கு ஏறாம இங்க கெடக்கேன். இதக் கொளுத்துனா நாளைக்கே நான் கூடையத் தூக்கிக்கிட்டு அவரு விழுந்த எடத்துக்குப் போகணும். போகவா? நீயே சொல்லு."

தலைவர் பந்தத்தைக் கீழே தாழ்த்தினார். பிறகு, "சரி, வாங்கடா" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறிப் போனார். அவர்கள் மறைந்த பிறகுதான் கவனித்தேன், அண்ணியின் உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டா அண்ணி தெனமும் இங்க வேலை செய்றீங்க?"

"சத்தம் கேட்டாலே ஈரக்கொலை நடுங்குது பாப்பா. தெனமும்தான்" என்றார்.

பிறகு தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குளவிகள் போய் வந்துகொண்டிருந்த அந்த வரிசைக்குள்ளேயே குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார்.