மினுக்கினால் அமுக்காதே

அந்த அறையின் கதவைச் சாத்தியதும் முதலில் கேட்டது என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம். டிஜே பழகப் போன இடத்தில் நான் போட்ட முதல் தாளம் அதுதான். அதுவும் தாளம் தப்பித்தான் அடித்தது.

கிருஷ்ணன்கோவிலில், காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்புகிற சாலையில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி ஸ்டுடியோ. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். படியேறும்போது யூரியா வாசனை. உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி கறுப்பு நுரை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் அந்த மிஷின். இரண்டு பக்கமும் இரண்டு வட்டத் தட்டு, நடுவில் திருகுகிற குமிழ்கள், ஏற்றி இறக்குகிற கட்டைகள், அப்புறம் தலை சுற்றுகிற அளவுக்குப் பொத்தான்கள். ஆபரேஷனுக்குப் படுக்கப் போகிறவன் ஆயுதங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ராஜபாளையம் நாய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஊருக்கென்று வந்த வீரம் முழுவதையும் நாய்களே எடுத்துக்கொண்டன. மிஞ்சியதில்தான் என்னைச் செய்திருக்கிறார்கள். நான் அங்கே ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரி. காது கிழிகிற சத்தத்துக்குள்ளேயே நரைத்தவன். மில்லில் சத்தம் இருக்கிறவரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓடிப் பார்ப்போம். கரண்ட் போயிருக்கும், இல்லாவிட்டால் யாருடைய கையாவது மாட்டியிருக்கும். அதனால் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிற அந்த அறை, எனக்கு ஏதோ விபத்து நடந்து முடிந்த இடம்போல இருந்தது. விபத்து இனிமேல்தான் என்பது அப்போது தெரியாது.

ஸ்டுடியோவை நடத்துகிறவள் வன்னியம்பட்டிப் பெண். அந்தக் காலேஜிலேயே படித்து முடித்தவள்.

"யாருக்கு அங்கிள் கிளாஸ்? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தாம்மா."

என் மீசையைப் பார்த்தாள். போன வாரம் அடித்த சாயத்தைப் பார்த்தாள். "சரி அங்கிள், செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் அதிக பயமாக இருந்தது.

இந்த வம்பு எப்படி வந்தது என்றால், வாயால் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டில் அக்கா மகளுக்குப் பூ வைக்கிற விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே ஒரு பெரியவர், "தாய்மாமன் என்ன செய்யப் போறாரு?" என்று கேட்டார். வேறு யாராவது என்றால் சீர்த்தட்டு, மாலை, பட்டு என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சபையைக் கண்டால் நாக்கு அரிக்கும்.

"ரிசப்ஷனுக்கு டிஜே நாந்தான். கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நின்னேன்னா, கூமாப்பட்டி ஆளுக சாப்பிடக்கூடப் போகாம ஆடிக்கிட்டே கெடப்பாவ. சோறு அம்புட்டும் மிச்சம்!"

கூடம் சிரித்தது. அக்கா மட்டும், "இவன் ஒருத்தன், கூறுகெட்டவன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது அக்கா மகள் கேட் வரை வந்தாள்.

"மாமா, நெசமாவே நீங்க பாட்டுப் போடுதியளா?"

"ஏட்டி, வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"இல்ல மாமா, நீங்களே போடுங்க." கேட்டின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டே பேசினாள். "மண்டப வாசல்லேருந்து மேட வரைக்கும் நான் நடந்து போகணும்லா. அப்பா இல்லாத புள்ளன்னு ரெண்டு பக்கமும் உச்சுக் கொட்டுவாவ. அம்மாவும் சபைக்கு வரமாட்டேங்கா, பந்திப் பக்கமே நின்னுக்கிடுதாளாம். வெளியாளு ஒருத்தர்ட்ட இத எப்படிச் சொல்ல? நான் மேட ஏறுற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது மாமா. அந்த உச்சு என் காதுல விழக் கூடாது."

எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருக்கிற நான், அன்றைக்கு "சரிட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ராஜபாளையம் வந்ததும் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, மிக்ஸிய மூடி போடாம ஓட்டி, சட்னி அம்புட்டையும் சுவத்துல அடிச்ச ஆளு நீங்க" என்றாள் என் மனைவி. "அந்தப் புள்ள நெசமாவே ஒங்களையா நம்புது?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை உள்ளே விட்டு, சேர்த்த இடம் தெரியாமல் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். அட, இது நம்ம சோலி! அறுந்த நூலைச் சேர்ப்பதும் இப்படித்தான். சேர்த்த இடம் கைக்குத் தட்டுப்படக் கூடாது. இதைப் பெருமையாக அவளிடம் சொல்லவும் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் பாட்டு நின்றுவிட்டது.

"அங்கிள், ஏன் அமுக்குனீங்க?"

"எத?"

அப்போதுதான் பார்த்தேன், என் இடது கை பொத்தானின் மேல் இருந்தது. நான் வைக்கவில்லை. அதுவாகப் போயிருக்கிறது.

"மினுக்குச்சும்மா" என்றேன்.

"மினுக்கினா?"

"மினுக்கினா அமுக்கணும்லா?"

மில்லில் இழை அறுந்தால் அந்த இடத்தில் ஒரு விளக்கு மினுக்கும். மினுக்கினால் ஓட வேண்டும். அமுக்கி நிறுத்தி, இழையைச் சேர்த்து, மறுபடி ஓட விட வேண்டும். பேசிக்கொண்டிருந்தாலும், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாலும், கண்ணில் மினுக்கல் பட்டால் கை போய்விடும். இத்தனை வருஷச் சம்பளம் அந்தக் கைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். இந்த மிஷினிலோ பாட்டு முடியப் போகும்போது அதன் பொத்தான் மினுக்குகிறது. அடுத்த பாட்டு தயாராக நின்றால் அதுவும் மினுக்குகிறது. அமுக்க வேண்டியது நிற்கிற பாட்டின் பொத்தானை. என் கை போவது ஓடுகிற பாட்டின் பொத்தானுக்கு. அறுந்ததைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்!

"அங்கிள், அது ஒங்களக் கூப்பிடல. முடியப் போகுதுன்னு சும்மா சொல்லுது, அம்புட்டுத்தான்" என்றாள் அவள். பிறகு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, பாட்டு முடியும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்க வைத்தாள். பொத்தான் மினுக்கத் தொடங்கியதும் எனக்கு வியர்த்தது. ஒரு குழந்தை கிணற்றுப் பக்கம் தவழ்ந்து போகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன் என்பது போல இருந்தது. அடுத்த மணிக்குக் காத்திருந்த காலேஜ் பையன்கள் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். "யார்றா இது, ஹெட்மாஸ்டர் பிரேயருக்கு நிக்க மாதிரி நிக்காரு" என்று ஒருவன் சொன்னது, கதவு திறக்கும்போது காதில் விழுந்தது.

பயிற்சி பலித்தது. ஆனால் மில்லில் போய்ப் பலித்தது. ஒருநாள் ஷிஃப்டில் ஒரு விளக்கு மினுக்க, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா கத்தினார்கள்: "மேஸ்திரி! இழை அறுந்து கெடக்கு, சாமியா கும்பிட்டுக்கிட்டு நிக்கிய?" அவ்வளவு சத்தத்திலும் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

ஸ்டுடியோவுக்குப் போனால் கை அமுக்கியது, மில்லுக்குப் போனால் அமுக்க மறுத்தது. கல்யாணம் நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. தூங்கக் கண்ணை மூடினால் மண்டப வாசலில் அக்கா மகள் நிற்பாள், ஒரு விளக்கு மினுக்கும்.

கடைசியில் பயமே ஒரு யோசனை சொன்னது. மினுக்கலைப் பார்த்தால்தானே கை போகிறது? மூடிவிட்டால்? வீட்டிலிருந்த பிளாஸ்திரிச் சுருளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பொத்தானுக்கும் ஒட்டினேன்.

"மிஷினுக்கு ஆக்சிடெண்டா அங்கிள்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆனால் வேலை செய்தது. ஸ்டுடியோவின் டியூப்லைட் வெளிச்சத்தில் பிளாஸ்திரிக்குக் கீழே மினுக்குவது தெரியவே இல்லை. ஒரு முழு மணி நேரம் பாட்டுக்குப் பாட்டு சேர்த்தேன், ஒருதடவைகூட நிற்கவில்லை. அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

ரிசப்ஷன் ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். ஸ்டுடியோ பெண்ணே மிஷினைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். மேடைக்குப் பக்கத்தில் நான். கறுப்புக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போடக் கை வரவில்லை. முன்வரிசையில் கூமாப்பட்டிச் சொந்தம், பின்னால் மொத்தமாக என் மில் ஆட்கள். அக்கா சொன்னபடியே சபைப் பக்கம் வரவில்லை. பந்திக்கூடத்தின் வாசலில் அவளுடைய சேலை மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். பாட்டை விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, மண்டபம் அதிர்ந்தது. நாலு எட்டு வைத்திருப்பார்கள். வீடியோக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒருக்கா திரும்பப் போய் வாங்க. லைட்டக் கொஞ்சம் கொறைங்க, எஃபெக்ட்டா இருக்கும்."

இதை ஸ்டுடியோவில் யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் திரும்பப் போனார்கள். பாட்டு திரும்பப் போகவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்து விளக்குகளை மங்க வைத்து முடிப்பதற்குள் பாட்டு கடைசிக்கு வந்துவிட்டது. அவள் மறுபடி நடக்க ஆரம்பித்து நாற்காலிகளுக்கு நடுவே வந்தபோது, என் முன்னால் இருட்டில் பிளாஸ்திரி இரண்டும் ரத்தம் ஊறியதுபோல் சிவந்தன. மங்கின. சிவந்தன.

ஓடுகிற பாட்டு இடது, அடுத்த பாட்டு வலது. வலது, வலது, வலது என்று வாய்விட்டே சொன்னேன். கை இடதுக்குப் போனது.

பாட்டு நின்றது.

மில்லில் எத்தனையோ தடவை சத்தம் நின்று கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு நிற்பு கேட்டதில்லை. ஃபேன் சுற்றுவது கேட்டது. மறுபடி அமுக்கலாம் என்று பார்த்தால், விரலோடு பிளாஸ்திரி பிய்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. உதறினால் மற்ற விரலிலும் ஒட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து அது வந்தது, தெளிவாக:

"உச்ச்... பாவம், அவ அப்பன் மட்டும் இருந்திருந்தா..."

அக்கா மகளின் கால் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் விரலைப் பார்த்தேன்.

அப்போது பந்திக்கூடத்திலிருந்து ஒரு குரல்.

"ஏலே! கூறுகெட்ட பயலே! பாட்ட எங்கலே? ஒரு சோலியாவது ஒழுங்காச் செஞ்சிருக்கியாலே நீ?"

அக்கா. கையில் அப்பளக் கூடை. என்னைத் திட்டிக்கொண்டே வேகமாக வந்தவள், எங்கே வந்துவிட்டோம் என்று தெரிவதற்குள் மண்டபத்தின் நட்டநடுவில் நின்றாள். பின்னாலிருந்து என் மில் ஆள் ஒருவன், "மேஸ்திரி, இழை அறுந்துட்டு!" என்று கத்தினான். அவ்வளவுதான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கூமாப்பட்டிப் பெரியவர், "இதுக்குத்தான் நாங்க சாப்பிடாம கெடக்கணும்னு சொன்னிகளா?" என்று எழுந்து நின்று கேட்டார். விசில் பறந்தது. அந்தச் சத்தத்தில் உச்சுக் கொட்டியவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. அவரும் சிரித்திருக்கலாம்.

அக்கா திரும்பி ஓடப் பார்த்தாள். மகள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுட்டி, பந்தி நடக்கு!"

"நடக்கட்டும், நீயும் நட."

"கையெல்லாம் எண்ணெ, சேல வீணாயிரும்!"

விடவில்லை. ஒரு பக்கம் மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் அப்பளக் கூடையோடு அம்மா. அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தது. நான் எப்படியோ பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிடுங்கி, பொத்தானை அமுக்கினேன். விட்ட இடத்திலிருந்து பாட்டு வந்தபோது மூன்று பேரும் மேடைப் படியில் இருந்தார்கள். அக்கா கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஸ்டுடியோ பெண்.

"மினுக்குச்சா அங்கிள்?"

"மினுக்குச்சும்மா."

மேடையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே என்னைப் பார்த்து அறை விடுவதுபோல் ஓங்கிக் காட்டினாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அங்கிள்! பாட்டு முடியப் போகுது. இப்ப அமுக்குங்க. அங்கிள், வலது!"

அவள் கத்தியது காதில் விழுந்தது. விளக்கு மினுக்குவதும் தெரிந்தது. என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.