சுத்துக்காட்டில் புவனேஸ்வரி

அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் அந்தக் காலனியில் தண்ணீர் லாரிக்காரன் எல்லா வீட்டு வாசலிலும் ஹாரன் அடிப்பான், புவனேஸ்வரி வீட்டு வாசலில் மட்டும் அடிக்க மாட்டான். ஒருமுறை அடித்துவிட்டு, "ஊர எழுப்பறதுக்கு நீ என்ன சேவலா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதற்குப் பிறகு இறங்கி வந்து கேட்டைத் தட்டி, "தண்ணிங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

அவள் பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்தில், சின்ன வெங்காயம் போடும் குடும்பத்தில். கல்யாணமாகி அரியலூருக்கு வந்தபோது புருஷன் வீரமணி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் அதேதான். மாமியார் அந்த வருஷமே கண்ணை மூடிவிட்டாள். கொழுந்தன் மகேஷ் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு போட்டது, டைபாய்டில் படுத்தபோது கஞ்சி கொடுத்தது, பெயிலானபோது வாத்தியாரிடம் போய் நின்றது எல்லாம் இவள்தான். இன்றைக்கு அவன் கல்லு வெட்டும் சுரங்கத்தில் மெஷின் ஓட்டுகிறான். உடம்பு வளர்ந்துவிட்டது. புத்தி எங்கேயோ பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறது என்பது அண்ணியின் கணக்கு.

மகேஷுக்குப் பெண் தேடியே அவளுக்கு முட்டி தேய்ந்துபோனது. சுரங்கத்து வேலையா, தூசியாச்சே என்றார்கள். லாரிக்காரர் வீடா என்றார்கள். மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷமாக வந்த ஒரு கூட்டம், புவனேஸ்வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் தா.பழூரில் நெல் விவசாயம் செய்யும் பாலசுந்தரத்தின் மகள் ஜெயசுதா அமைந்தாள். படித்த பெண். ஜெயங்கொண்டத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் லேப் ஒன்றில் வேலை. பூ வைத்தாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை நிச்சயம். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று, வேன் சொல்லியாயிற்று, புடவை எடுத்தாயிற்று.

அப்படி இருக்கும்போதுதான், செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பிய மகேஷ் அடுப்படி வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணி, ஒரு ஒதவி."

"சட்டைய இஸ்திரி போடணுமா?"

"இல்லண்ணி. ஒரு நத்தைய எடுக்கணும்."

"பாத்ரூம்லயா? உப்பத் தூவி வுட்டுட்டுப் போ."

"ஐயோ, அது இல்லண்ணி. போன்ல."

புவனேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் யாராவது தயங்கித் தயங்கிப் பேசினால் அதற்குப் பின்னால் ஒரு வண்டி வேலை வருகிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற ஒரு கேம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வருஷக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறது. பழைய கேமில் வளர்த்ததைப் புதியதற்கும் கூட்டிக்கொண்டு வரலாமாம். ஜெயசுதா பத்தாவது படிக்கும்போது பிடித்த ஒரு நத்தையை இன்றுவரை விடாமல் வளர்த்து வருகிறாள். கறுப்பு ஓடு, ஓட்டின் மேல் ஒற்றை இலை. பெயர் கருப்பட்டி. பூ வைத்த மறுநாள் அதை மகேஷின் போனுக்கு அனுப்பி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். மற்ற பெண்கள் மோதிரம் கொடுப்பார்கள், இவள் நத்தை கொடுத்திருக்கிறாள்.

இந்த மகராசன் அதைச் சுத்துக்காட்டில் விட்டுவிட்டான். சுத்துக்காடு என்பது அந்த கேமில் வரும் ஒரு காடு. வாசலில் பிராணியை விட்டால் அது தானாக நடுவில் இருக்கும் குளத்துக்குப் போய்ப் பலம் ஏற்றிக்கொள்ளும். ஆனால் நாம்தான் உள்ளே போய்க் கூட்டி வர வேண்டும். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நாலு பாதை. ஒரு பாதை தப்பினாலும் மறுபடி வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். கேமில் ஏதோ திருவிழா நடக்கிறது. அது இன்று சாயங்காலம் நாலு மணிக்கு முடிகிறது. அதற்குள் எடுக்காவிட்டால் கருப்பட்டி காட்டோடு போய்விடும். பிறகு யார் நினைத்தாலும் திரும்ப வராது.

"ஜெயாவுக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணி. கருப்பட்டி வரலன்னா வெள்ளிக்கெழம யாரும் வர வேணாம்னு நேத்து சொல்லிடுச்சு."

"லீவு போட்டுட்டு நீயே எடுக்க வேண்டியதுதானே?"

"ஷிப்ட்டுக்கு ஆள் இல்ல. வெள்ளிக்கெழமைக்கே கெஞ்சிதான் லீவு வாங்கிருக்கேன். போனையும் உள்ள வுட மாட்டாங்க. நீங்கதான் அண்ணி காப்பாத்தணும். வெரல எந்தப் பக்கம் தேய்க்கிறீங்களோ அந்தப் பக்கம் போவும், அவ்வளவுதான்."

"வழி?"

"அதான் எனக்கும்..." என்று இழுத்தவன், போனை மசாலா டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

புவனேஸ்வரி காலையில் தனியாகக் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்தாள். மரம். இன்னும் மரம். 'காட்டுக்குள் வருக' என்று ஒரு போர்டு. அவள் வாழ்க்கையில் எந்தப் போர்டையும் அப்படித் திட்டியதில்லை. நடுநடுவே இலை வால் முளைத்த அணில் ஒன்று குறுக்கே குதித்து, சண்டையா, ஓட்டமா என்று கேட்டது. "சண்ட போட எனக்கு வூட்டுலயே ஆளிருக்கு, நீ போ" என்று ஓட்டத்தையே அமுக்கினாள். பதினொரு மணிக்கு வெறுத்துப்போய், சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று காத்திருந்து, ஜெயசுதாவுக்கே போன் போட்டாள். தன் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் பருப்பு.

"சொல்லுங்கக்கா" என்றாள் ஜெயசுதா. குரலில் தண்ணீர்கூட உறைந்துவிடும்.

"ஏம்மா, நத்தைக்காவக் கல்யாணத்த நிறுத்தறவ இந்த ரெண்டு ஜில்லாவுலயும் நீ ஒருத்திதான்."

"நத்தைக்காவ இல்லக்கா, பொய்க்காவ. கருப்பட்டி எப்புடி இருக்குன்னு நான் தெனம் கேட்டேன். நல்லாருக்கு, சாப்டுச்சு, தூங்குதுன்னாரு. நேத்து என் போன்ல கேமத் தொறந்து பாத்தா அது காட்டுல தனியா நிக்கிது. நாளைக்குப் புள்ளைய எங்கயாவது வுட்டுட்டு வந்து, தூங்குதுன்னு சொல்ல மாட்டாருன்னு என்ன நிச்சயம்?"

புவனேஸ்வரிக்குத் தன் புருஷன் ஞாபகம் வந்தது. வீரமணியும் இப்படித்தான். வேப்பூர்ப் பக்கம் வண்டி பஞ்சராகி நிற்கும்போதுகூட, "இதோ கேட்டாண்ட வந்துட்டேன், தோசக்கல்லப் போடு" என்பான். கல் காய்ந்து, தோசை காய்ந்து, இவளும் காய்ந்த பிறகு வந்து சேருவான். சிக்கிக்கொண்டேன் என்று சொல்ல இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு நாக்கே வராது.

"நீ சொல்றது நெசந்தாம்மா" என்றாள். "அத நீயும் அவனும் பேசித் தீத்துக்குங்க. இப்ப அந்தச் சீவன் காட்டுல நிக்கிது. வழியச் சொல்லு."

ஜெயசுதா கொஞ்சம் இறங்கி வந்தாள். "வாசல்லேர்ந்து மொதல்ல வடக்கால போங்க."

புவனேஸ்வரி தேய்த்தாள். மரம்.

"மறுபடியும் வடக்கால. அப்பறம் கெழக்கால."

தேய்த்தாள். தேய்த்தாள்.

"என்னக்கா தெரியுது?"

"வருகன்னு போர்டு தெரியுது."

"தப்பாப் போயிட்டீங்க. திரும்ப வடக்கால..."

குக்கர் விசில் அடித்தது. அணில் குதித்தது. போர்டு வந்தது. மறுபடி போனாள். மறுபடி போர்டு. பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டு ராசாத்தி சுவருக்கு மேலே எட்டி, "யாரக்கா திட்டறீங்க?" என்று கேட்டாள். "காட்ட" என்றாள் புவனேஸ்வரி. ராசாத்தி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்ற வழி சரிதான். கண்ண மூடிக்கிட்டுப் போவேன் அதுல. நீங்க என்னதான் பண்றீங்க?"

"நீ சொல்றததான் பண்றேன். வடக்கால போன்னா வடக்காலதான் போறேன். கூறு கெட்டவன்னு நெனச்சியா?"

"எந்தப் பக்கம் தேய்க்கிறீங்க?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"பீச்சாங்கையா? ஏன்?"

"ஏன்னா? அடுப்பு கெழக்கப் பாத்துதான போடுவாங்க? நான் அடுப்புக்கு முன்னாடி கெழக்கப் பாத்து நிக்கிறேன். அப்ப வடக்கு எனக்குப் பீச்சாங்கைப் பக்கந்தான வரும்? ஒங்க ஊருல வடக்கு எடம் மாறிடுச்சா?"

அந்தப் பக்கம் மூக்கால் சீறும் ஒரு ஒலி. பிறகு லேப் முழுக்கக் கேட்டிருக்கும், அப்படி ஒரு சிரிப்பு.

"அக்கா... கேம்ல மேல பாத்தாத்தான் வடக்கு."

"எவன் சொன்னான்? அங்க எழுதியிருக்கா?"

ஜெயசுதா யோசித்தாள். "எழுதல. நான் எங்க மோட்டார் கொட்டாயில வடக்கப் பாத்து உக்காந்துதான் வெளையாடுவேன். எனக்கு மேல போனா வடக்கு. அப்புடியே பழகிடுச்சு."

"அப்ப வடக்கப் பாத்துத் திரும்பி நில்லுங்கன்னு காலையிலயே சொல்றதுக்கு என்ன கேடு?"

புவனேஸ்வரி அடுப்பை அணைத்தாள். மகேஷின் போனைக் கையில் எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்து வடக்கு நோக்கி நின்றாள். இப்போது வடக்கு என்றால் வடக்கு, கிழக்கு என்றால் கிழக்கு. வடக்கால, வடக்கால, கிழக்கால, வடக்கால, மேற்கால. மரம் விலகியது. சாம்பல் நிறத்தில் ஒரு குளம். கரையில் கறுப்பாக ஒரு புள்ளி, இலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கூட்டிச் செல்லவான்னு கேக்குது."

"அமுக்குங்கக்கா! சீக்கிரம் அமுக்குங்க!"

அமுக்கினாள். நத்தை தலையை நீட்டிப் பார்த்தது. இலை விரிந்தது. அந்தப் பக்கம் ஜெயசுதாவின் போனில் டிங் என்று ஒரு சத்தம். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வந்துருச்சுக்கா."

"சரி சரி, அழுவாத. ஊசி குத்தற எடத்துல நீ அழுதா வர்றவன் பயந்து ஓடிருவான்."

கொஞ்ச நேரம் கழித்து ஜெயசுதா சொன்னாள், "இதே வழிய அவருக்கும் கருப்பட்டிய அனுப்புன அன்னைக்கே வாய்ஸ்ல அனுப்பியிருந்தேன்க்கா."

புவனேஸ்வரி ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். மகேஷ் எப்போதும் சாய்ந்து கிடக்கிற சேர் டி.வி.யைப் பார்த்து இருக்கிறது. டி.வி. மேற்குச் சுவரில், அங்கே உட்கார்ந்தால் வடக்கு சோத்தாங்கைப் பக்கம். என் வாயைக் கேட்டு வளர்ந்தவன்தானே, அவனும் இப்படித்தான் தேய்த்திருப்பான் என்று புரிந்தது. ஒரு வாரமாக, இந்தச் சேரில் உட்கார்ந்து, வாசலுக்கும் வாசலுக்கும் நடந்திருக்கிறான்.

"அவனும் வழி தெரியாமதான் சுத்தியிருக்கான்."

"அதக் கேட்டா என்னக்கா? ஒரு வார்த்த, வழி தெரியலன்னு?"

"கேட்டா மீச உதுந்துடும்ல."

"அப்ப அவரே சொல்லட்டும்" என்றாள் ஜெயசுதா. "வெள்ளிக்கெழம பத்தி அப்பறம் பேசலாம்." வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மகேஷ் தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெடச்சுதா அண்ணி?"

"கெடச்சுது."

முகம் மலர்ந்து கையை நீட்டினான். புவனேஸ்வரி போனைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல அவளுக்குப் பேசு."

"அதான் கெடச்சுடுச்சே, இனிமே என்னா? ஏன் அண்ணி... நானே சுரங்கத்துலேர்ந்து வந்து எடுத்தேன்னு சொல்லிடவா?"

தோசைக் கரண்டி கையில் இருந்தது அவன் கெட்ட நேரம். "எனக்கு வழி சொன்னதே அவதான்டா, கூமுட்ட! ஒரு பொய்க்கு மருந்து இன்னொரு பொய்யா? ஒங்கண்ணன்கிட்ட நான் படறது பத்தாதுன்னு அந்தப் பொண்ணு வேற படணுமா? நடந்தத சொல்லு. இல்லன்னா வெள்ளிக்கெழம வேனுல நீ மட்டும் போயி எறங்கு, நான் வரல."

போனை அவன் கையில் திணித்தாள். அவன் போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஜெயா, எனக்கு அந்தக் காட்டுல வழி தெரியல. நீ கண்ண மூடிக்கிட்டுப் போற எடம். தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்பறம் பொய் சொல்லிட்டேன். அது போயிடுமோன்னு ஒரு வாரமா சோறு எறங்கல."

மகேஷின் காது மட்டும் தூசியை மீறிச் சிவந்திருந்தது.

"இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"சட்டுனு சொல்லாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் நிஜமாகவே யோசித்தான். "கஷ்டந்தான். ஆனா சொல்லுவேன்."

"ம். அக்காகிட்ட குடுங்க."

புவனேஸ்வரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அக்கா, நிச்சயத்துக்கு என்ன கலர் பொடவ எடுத்திருக்கீங்க?"

"மாம்பழ மஞ்ச. ஏன்?"

"எனக்கு மஞ்ச எடுக்காதுக்கா. மாத்த முடியுமா?"

புவனேஸ்வரி ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். கடை பெரம்பலூரில். நாளைக்குக் காலையில் பஸ் பிடிக்க வேண்டும், அந்தக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இன்று மதியம் கருகிய பருப்புப் பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டு கிடக்கிறது.

"என்ன கலர்தான் எடுக்கும்னு இப்பவே சொல்லித் தொலம்மா" என்றாள். "கடைக்குப் போனப்பறம் போன் போட்டுப் போட்டு மாத்தினன்னா, அந்த நத்தையத் திரும்பக் கொண்டுபோயி காட்டுலயே வுட்டுருவேன்."