மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒருத்தர்

அவருக்கு ஊரில் 'ஆடாதே அண்ணன்' என்று பெயர். பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காருகிறவர் யாராயிருந்தாலும், கைக்குழந்தையானாலும் கட்சித் தலைவரானாலும், "ஆடாதீங்க, இங்க பாருங்க, லேசா சிரிங்க" என்று மூன்றே கட்டளையில் அடக்கிவிடுவார். ஒரு ஸ்டூல், பின்னால் நீலத் திரை, இரண்டு குடை விளக்கு. அந்த அறைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். அப்பேர்ப்பட்ட மனுஷரை, எதுவுமே ஒரு நொடி ஆடாமல் நிற்காத இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நிறுத்தியது வேறு யாருமில்லை, சொந்தத் தங்கைதான்.

தங்கை மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். தங்கமான ஆள், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, சேற்றில் பைக் ஓட்டுவதைத் தவிர. ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியில் மேடும் பள்ளமுமாக ஒரு பாதை வெட்டி ரேஸ் நடத்துவார்கள். அவன் கலந்துகொள்ளாத ரேஸ் இல்லை. முன்னால் வந்த ரேஸும் இல்லை. தோற்றுவிட்டு வந்து டயர் சரியில்லை, மண் சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். கடைக்கு வாங்கிப் போடுகிற பஞ்சில் பாதி இவன் முழங்காலுக்கே சரியாகிவிடுகிறது என்று தங்கைக்கு எரிச்சல்.

போன வாரம் அவள் ஒரே போடாகப் போட்டாள். பைக்கை வாங்க ஆள் பார்த்தாயிற்று, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவான் என்று. புருஷன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு படி இறங்கினாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸில் அவன் விழாமல் பைக்கில் இருக்க வேண்டும், அவனுக்குப் பின்னால் ஒருத்தராவது வர வேண்டும். அப்படி ஒரே ஒரு படம் கொண்டுவந்து காட்டினால் பைக் வீட்டிலேயே இருக்கலாம். எடுக்க வேண்டியது அண்ணன். அதோடு விட்டாளா? மூடின கண்ணைத் திறந்து வைப்பது, வழுக்கையில் முடி முளைக்க வைப்பது போன்ற கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இதில் கூடாது என்று அண்ணனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா அவர் சாமர்த்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலுக்கே மோசம். முந்தின நாள் மழையில் குவாரி முழுக்கக் களி. பைக் கண்ணில் பட்டு, இவர் பட்டனை அமுக்குவதற்குள் அது அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும். எடுத்ததைக் கேமராவில் பார்த்தால் வெறும் வானம், பாதிச் சக்கரம், யாரோ ஒருத்தனுடைய பூட்ஸ். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் நாலு சக்கர பைக்குகள் இறங்கின. ஒவ்வொன்றும் வளைவில் திரும்பும்போது வாளி வாளியாகச் சேற்றை வாரி இறைத்தது. கேமராவுக்குப் பாலிதீன் பை கட்டியிருந்தார், தனக்குக் கட்டவில்லை. தலையிலிருந்து கால்வரை குளித்து எழுந்தார்.

குளித்தபிறகு என்ன வெட்கம்? ஓடுகிற வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பிப் பார்த்தார், படம் சிக்கியது. ஒரு வண்டி மேட்டிலிருந்து நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியபோது சரியாக அமுக்கிவிட்டார். வளைவில் ரேஸுக்குக் கொடி காட்ட நின்ற கொடிக்காரரிடம் அதைக் காட்ட, அவர் பலே என்றார். அவ்வளவுதான், ஆடாதே அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஈரச் சட்டையோடு வளைவுக்கு வளைவு ஓட ஆரம்பித்தார்.

மத்தியானம் மாப்பிள்ளையின் முறை வந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், நான் முன்னால வரமாட்டேன், அது எனக்கே தெரியும். ஆனா இந்த வண்டியும் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

தங்கை பக்கமும் நியாயம் இருக்கிறது, இவனும் பாவம். இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றார்.

முதல் சுற்றிலேயே மாப்பிள்ளை கடைசி. அடுத்த சுற்றிலும் கடைசி. பின்னால் ஒரு காக்கா கூட இல்லை. கண்ணில் மாட்டியிருந்த ரேஸ் கண்ணாடியில் சேறு அப்பி வழி தெரியாமல் போகவே, அவன் அதைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினான். ரேஸ் முடிகிற நேரம். கடைசி வளைவில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் மண்டியிட்டுக் காத்திருந்தார்.

மாப்பிள்ளை வந்தான். அவனுக்கு ஒட்டினாற்போலப் பின்னால், சிவப்புச் சட்டையில் இன்னொருத்தன் வந்தான். இவரால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கை பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க, வாய் பழக்க தோஷத்தில் சத்தம் போட்டது.

"மாப்பிள்ள, இங்க பாருங்க, லேசா சிரிங்க!"

அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே நேராக வைக்கோல் கட்டில் போய்ச் சொருகினான். சிவப்புச் சட்டை பறந்துவிட்டது. இவர் ஓடிப்போய்த் தூக்கினார். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. படம் வந்துச்சா மச்சான் என்றுதான் அவன் முதலில் கேட்டான். வந்திருந்தது, அம்சமாக.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்துக் கொடிக்காரர் சிரித்தார். அந்தச் சிவப்புச் சட்டைதான் முதலில் வந்தவன், ஒரு சுற்று அதிகமாக ஓட்டிவிட்டு மாப்பிள்ளையைத் தாண்ட வந்தான் என்று விளக்கினார். மாப்பிள்ளை அப்போதும் கடைசிதான். குதித்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஆனாலும் பின்னால் ஆள் வந்தது வந்ததுதானே, கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று திரும்புகிற வழியில் அண்ணன் வாதாடினார்.

சாயங்காலம் மருந்துக்கடையில் தங்கை கேமராவை வாங்கிப் பார்த்தாள். பின்னால் வருவது யார் என்று கேட்டாள். இந்த ரேஸில் ஜெயித்தவன் என்றார் அண்ணன். அதில் பொய் இல்லை. அவள் புருவம் உயர்ந்தது. மாப்பிள்ளை முழங்கைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அவன் என்னை விட ஒரு சுத்து முன்னாடி. நான்தான் கடைசி. வண்டிய வித்துரு."

கேட்காததை யாராவது சொல்வார்களா? அண்ணனுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. தங்கையோ அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் இடுக்கில் அவன் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அண்ணா, எங்க கல்யாணத்துக்கு நீதான் படம் எடுத்தே. சிரிங்க சிரிங்கன்னு அன்னிக்கு முழுக்க இவர் உயிர எடுத்தே. ஒண்ணுலயாவது இந்தக் கண்ணு இப்படிச் சிரிச்சிருக்கா?"

இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவள் போனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம், வண்டி விற்பதற்கில்லை என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ரேஸ் என்னிக்கு? நானும் வர்றேன். இந்த மூஞ்சிய நான் நேர்ல பாக்கணும்."

தேதியை அண்ணன்தான் சொன்னார். கொடிக்காரரிடம் அவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.